விடுபட்ட அம்பு

"எத்தன சொன்ன?"

"நாப்பத்தொன்னு கிலோபைட், பாஸ்."

"முந்தி எவ்ளோ?"

"அறுபத்திரெண்டு."

விஜேந்திரன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான். "அடேயப்பா! மூணுல ஒரு பங்கக் கொறச்சிட்டியா? அவ்ளோ கொழுப்பா இருந்துச்சு அதுல?"

அந்தக் கொழுப்பு குமுதினியுடையது. அறையின் மறுகோடியில், தன் மேசையில், ஒன்றும் காதில் விழாதவள் போல அவள் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்படிச் சொல்லாதீங்க பாஸ்," என்றாள் கண்மணி அவசரமாக. "அக்கா கட்டி வச்ச வீடு. நான் ஜன்னல மட்டுந்தான் மாத்தினேன்."

குமுதினிக்கு அதுதான் இன்னும் எரிந்தது. திட்டுகிறவளைத் திருப்பித் திட்டலாம். இப்படித் தாங்கிப் பேசுகிறவளை என்ன செய்வது?

மலேசியாவில், அசாம் ஜாவா என்கிற ஊரில், டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது அந்த ஆபீஸ். ஐந்து பேர். நெல் உலர்த்தும் எந்திரங்களுக்கும் எண்ணெய்ப்பனை ஆலைகளுக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்து கொடுப்பது தொழில். பெட்டிக்குள் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சிப். எப்போது சூட்டை ஏற்று, எப்போது காற்றாடியை ஓட்டு என்று மனிதர் எழுதுகிற கட்டளைகளை அந்தச் சிப்புக்குப் புரிகிற மொழியில் மாற்றித் தருகிற நிரலுக்குக் கம்பைலர் என்று பெயர். சிப் செய்த கம்பெனி ஒன்பது வருடங்களுக்கு முன் தன் கம்பைலரைக் கைகழுவி விட்டது. நாலாயிரம் சிப்பை வாங்கி ஸ்டோரில் அடுக்கி வைத்திருந்த விஜேந்திரனின் அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்தார். குமுதினிதான் ஏழே மாதத்தில், ஒற்றை ஆளாக, சொந்தமாக ஒன்றை எழுதிக் கொடுத்தாள். பெரியவர் அன்று "தேங்க்யூமா" என்று சொன்னார். அதோடு சரி.

இன்றைக்குக் கண்மணிக்காக விஜேந்திரன் ஓடிப்போய் இரண்டு பெட்டி கறிபாப் வாங்கி வந்து, குமுதினியிடமும் நீட்டினான்.

"எடுத்துக்குங்க கா, சூடா இருக்கு."

"எனக்கு எண்ணெய்ப் பண்டம் ஆகாது."

"எப்பேர்ந்து?"

"இப்பேர்ந்து."

விஜேந்திரன் சிரித்தான். வேடிக்கை என்று நினைத்துக்கொண்டான். கையைத் துடைத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்: "வியாழக்கிழம செகிஞ்சான் நெல் ஆலையில ஏத்திப் பாப்போம். நல்லா ஓடிச்சுன்னா, இனிமே கம்பைலர் கண்மணி பொறுப்பு. அக்கா, நீங்க ஒம்போது வருஷம் சொமந்துட்டீங்க. இனிமே கையேடு எழுதுங்க, நிம்மதியா இருங்க லா."

நிம்மதியாம்.

கண்மணி என்ன செய்தாள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அந்தச் சிப்புக்குள் எண்களை வைத்துக்கொள்ள எட்டே எட்டு இடம். ரெஜிஸ்டர் என்பார்கள். எட்டும் நிறைந்துவிட்டால் வெளியே நினைவகத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும், வேண்டும்போது மறுபடி போய் எடுத்து வர வேண்டும். எந்த எண் இன்னும் தேவைப்படும், எதைக் கேட்க இனி ஆளில்லை என்று கண்டுபிடிப்பதில்தான் கெட்டிக்காரத்தனம். அதற்கு நிரல் போகக்கூடிய வழிகளையெல்லாம் பெட்டியும் அம்புமாக வரைந்துகொண்டு, முடிவிலிருந்து பின்னோக்கி நடந்து வர வேண்டும். முன்னால் இருக்கிற ஏதாவது ஒரு வழியில், ஒரே ஓர் இடத்திலாவது, இந்த எண்ணை யாராவது கேட்பார்களா? கேட்பார்கள் என்றால் தொடக்கூடாது. மாட்டார்கள் என்றால் அந்த இடத்தை வேறொன்றுக்குக் கொடுத்துவிடலாம்.

கண்மணி அப்படித்தான் ஒவ்வோர் அம்பாக நடந்திருந்தாள். குமுதினி அந்தக் காலத்தில் அவ்வளவு நடக்கவில்லை. நிரல் வேறு பகுதியைக் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் எட்டையும் வெளியே வைத்துவிட்டு, வந்ததும் எட்டையும் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி எழுதிவிட்டாள். கடைக்குப் போய் உப்பு வாங்கி வருவதற்குள், வீட்டு நகையையெல்லாம் வங்கியில் வைத்துவிட்டு வருகிறவளைப் போல. ஏகப்பட்ட வீண்தான். ஆனால் ஒன்பது வருடத்தில் ஒரு குண்டுமணி தொலைந்ததில்லை.

இது அவளுக்கும் தெரியும். ஒருநாள் சீர் செய்ய வேண்டும் என்று ஒன்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்ததை, வந்து பத்து மாதமாகாத இருபத்தேழு வயதுப் பெண் செய்து முடித்துவிட்டாள். அதுவும் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்து எஸ்டேட்டில், தொழிலாளர் லயத்தில் வளர்ந்த பெண். குமுதினியின் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அதே வட்டாரத்தில் ஆள்கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். காலையில் அவர் பேர் கூப்பிட்ட வரிசையில் இவளுடைய பாட்டி நின்றிருப்பாளோ? அந்த நினைப்பு வந்தபோது குமுதினிக்கே கூசியது. கூசினாலும் அது எழுந்து போகவில்லை.

அன்று சாயங்காலம் கோலா சிலாங்கூர் வீட்டில், தேத்தண்ணீர்க் கோப்பைக்கு மேலே அவள் கணவர் குகன் விரலை மடக்கினார்.

"அந்தப் பிள்ளையின்ட பேர் இது ஏழாவது தரம்."

"எண்ணுங்கோ. உங்களுக்கு வேற வேலை என்ன?"

"வடிவான பிள்ளையோ?"

"மூளையான பிள்ளை."

"ஐயோ, அது அதைவிடப் பொல்லாததெல்லோ," என்று அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை எல்லாருக்கும் முன்னால் குமுதினி ஆபீசுக்கு வந்துவிட்டாள். போன மாதக் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் திருப்பி, கண்மணியின் கம்பைலர் உலர்த்தும் எந்திரத்துக்கு எப்படி வழி வரைகிறது என்று பெட்டி பெட்டியாகப் போட ஆரம்பித்தாள். குற்றம் தேடித்தான். அதை ஏன் மறைக்க வேண்டும்? ஒரு எண் தப்பாதா, ஒரு பெட்டி கோணாதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள்.

இருபத்து மூன்றாவது பெட்டியில் கிடைத்தது.

எந்திரம் ஓடும்போது யாராவது கதவைத் திறந்தால் 'நிறுத்து' என்கிற பகுதிக்குப் போகும். சூடு அணையும், காற்றாடி நிற்கும். ஆள் கதவைச் சாத்திப் பச்சைப் பொத்தானை அமுக்கினால், விட்ட இடத்துக்கே திரும்பி வந்து ஓட வேண்டும். ஆனால் கண்மணியின் படத்தில் 'நிறுத்து' பெட்டிக்குள் அம்பு போகிறது, வெளியே அம்பே இல்லை. திரும்பி வரும் வழி இல்லையென்றால் அங்கே எந்த எண்ணையும் கேட்க ஆளில்லை என்றுதானே அர்த்தம்? 'இத்தனை டிகிரியைத் தாண்டாதே' என்ற சூட்டு வரம்பு இருந்த இடத்தைத் தூக்கிக் காற்றாடியின் வேகத்துக்குக் கொடுத்துவிட்டது புதுக் கம்பைலர். திரும்பி வந்து வரம்பு என்ன என்று எந்திரம் கேட்டால், நாற்பத்து மூன்று என்பதற்குப் பதிலாக ஆயிரத்து இருநூறு என்று பதில் வரும். அப்புறம் சூடு ஏறிக்கொண்டே போகும்.

குமுதினிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எழுந்து போய் ஒரு காப்பி கலக்கிக்கொண்டு வந்தாள். சீனி இரண்டு கரண்டி கூடவே போட்டாள்.

ஒன்பது மணிக்குக் கண்மணி வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"கா, அனுப்பி வச்சிருக்கேன். பாத்து சரி போட்டுடறீங்களா?"

அந்த ஆபீசில் அது பழக்கம். ஒருவர் எழுதினால் இன்னொருவர் படித்துப் பார்த்து 'சரி' போட வேண்டும். அது இல்லாமல் ஓர் எழுத்துகூடப் பெட்டிக்குள் போகாது. கம்பைலர் வேலையில் படித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

"எல்லா வழியும் நடந்து பாத்தியா?" என்று கேட்டாள் குமுதினி.

"பாத்தேன் கா. ஆனா உங்க கண்ணு வேற, என் கண்ணு வேற. ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க. நாந் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்ததுதான். ஆனால் இங்கே சொன்னால் என்ன ஆகும்? 'தேங்க்ஸ் கா' என்பாள், பத்து நிமிடத்தில் சரிசெய்வாள், வியாழக்கிழமை கைதட்டு வாங்குவாள். ஆலையில், விஜேந்திரனும் ஆலையின் சீன முதலாளி தவுக்கேயும் பார்த்துக்கொண்டிருக்க, 'கொஞ்சம் கதவைத் திறந்து மூடுங்கள்' என்று சொன்னால்? முதலில் நெல் போடாமல் வெறும் எந்திரத்தைத்தானே ஓட்டப் போகிறார்கள். யாருக்கும் நட்டமில்லை.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்று சொல்லி, 'சரி'யை அமுக்கினாள்.

புதன்கிழமை மத்தியானம் விஜேந்திரனும் கண்மணியும் புதுப் பெட்டியைப் பொருத்தச் செகிஞ்சான் போயிருந்தார்கள். குமுதினி மேசையிலேயே ஒத்திகை பார்த்தாள். பழைய கம்பைலரில் கதவைத் திறந்து மூடினால், நாற்பத்து மூன்று. புதியதில், ஆயிரத்து இருநூறு. நாலு தடவை பார்த்தாள். நாலு தடவையும் இனித்தது.

நாளைக்குச் சபையில் விளக்கிச் சொல்ல வேண்டுமே, அந்தப் பெண் எங்கே கோட்டைவிட்டாள் என்று துல்லியமாகத் தெரிந்துகொள்வோம் என்று உள்ளே போனாள். அம்பு வரைகிற பகுதியை வரிவரியாகப் படித்தாள். தப்பில்லை. மறுபடி படித்தாள். அப்பழுக்கு இல்லை. பின்னே அந்த அம்பு எங்கே போயிற்று? ஒவ்வொரு பகுதியும் திரும்பி வருமா வராதா என்று அறிவிக்கிற ஒரு பட்டியல் இருந்தது. அதில் போய்த்தான் நின்றது.

'நிறுத்து: திரும்பாது.'

எழுதியவர் பெயர் ஓரத்தில் இருந்தது. குமுதினி. ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதி.

அந்தக் காலத்தில் 'நிறுத்து' என்றால் நிறுத்துதான். ஆள் வந்து முதலிலிருந்து ஓட்ட வேண்டும். பச்சைப் பொத்தான் அப்புறம் ஆலைக்காரர்கள் கேட்டு வந்தது. அதைச் சேர்த்தவளும் அவளே. இந்த ஒரு வரியை எடுக்க மறந்துவிட்டாள். எல்லாவற்றையும் வெளியே வைத்து வெளியே வைத்து எடுக்கிற அவளுடைய பழைய முறை அந்த வரியை நம்பியதே இல்லை. அதனால் இத்தனை வருடமும் தப்பு தூங்கிக்கொண்டிருந்தது. கண்மணி நம்பினாள். அக்கா எழுதி வைத்திருக்கிறாள் என்று அப்படியே நம்பினாள்.

குமுதினி அந்த வரியின் மேல் கர்சரைக் கொண்டுபோய் வைத்தாள். வரியைச் சத்தமில்லாமல் அழித்துவிடலாமா? முடியாது. அழித்தாலும் கண்மணி படித்துச் 'சரி' போட வேண்டும். ஆலையில் அம்பலப்படுத்தலாமா? தோண்டினால் முதலில் எழுவது அவள் பேர்தான். இருந்த வழி ஒன்றே ஒன்று. நாளை யாரும் கதவைத் திறக்காமல் இருக்க வேண்டும். அப்புறம் ஏதாவது சாக்குச் சொல்லிச் சரிசெய்துகொள்ளலாம்.

இத்தனைக்கும் நடுவில், அந்தப் பெண்ணின் எழுத்தில் ஒரு தப்பும் இல்லையே என்பதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

வியாழக்கிழமை ஆலைக்குப் போய் இறங்கினால், வெறும் எந்திரம் இல்லை. பன்னிரண்டு டன் நெல் உள்ளே கிடந்தது.

"என்ன தவுக்கே, இன்னைக்குச் சும்மா ஓட்டிப் பாக்கறதுன்னுதானே பேச்சு?" என்று விஜேந்திரன் மலாயில் கேட்டான்.

"மழை வருது, நேத்தே அறுத்துட்டோம்," என்றார் தவுக்கேயும் மலாயில். "விதை நெல். காத்திருக்குமா?"

விதை நெல். நாற்பத்து மூன்றைத் தாண்டிச் சூடு ஏறினால் வெளியே ஒன்றும் தெரியாது. மணி மணியாக அழகாகத்தான் இருக்கும். உள்ளே கரு செத்துப்போயிருக்கும். விதைத்து, தண்ணீர் பாய்ச்சி, பத்து நாள் காத்திருந்த பிறகுதான் தெரியும். குமுதினி எந்திரத்தின் கதவைப் பார்த்தாள்.

எந்திரம் ஓடியது. புதுத் திரையில் எண்கள் அழகாக ஏறின. முப்பத்தெட்டு. நாற்பது. நாற்பத்திரண்டு. விஜேந்திரன் கண்மணியின் தோளைத் தட்டாத குறை.

அரை மணி நேரம் போனதும் வேலம்மா வந்தாள். அந்த ஆலையில் இருபது வருடமாக நெல் பார்க்கிறவள். தலையில் துண்டு, வாயில் வெற்றிலை. நேராக எந்திரத்துக்குப் போய்க் கதவுக் கொக்கியில் கை வைத்தாள்.

"ஏன், என்ன செய்றீங்க?" குமுதினியின் குரல் கீச்சென்றது.

"நெல்லு பாக்குறேன்."

"தொறக்காதீங்க!"

"தொறக்காம எப்படிம்மா பாக்கறது? உன் பொட்டி கடிச்சுப் பாத்துச் சொல்லுமா? அரமணிக்கொரு தரம் தொறந்து பல்லுல வச்சுப் பாக்கணும். இது எங்க பழக்கம்."

கதவு திறந்தது. சூடு அணைந்தது. காற்றாடி முனகி நின்றது. வேலம்மா ஒரு பிடி அள்ளினாள், ஒரு மணியைக் கடித்தாள், "இன்னும் காயணும்," என்று கதவை ஓங்கிச் சாத்தினாள். அவள் கட்டைவிரல் பச்சைப் பொத்தானுக்குப் போனது.

"அமுக்காதீங்க! அமுக்காதீங்க வேலம்மா!" குமுதினி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேவிட்டாள். "அமுக்கினா வரம்பு போயிடும். சூடு நிக்காது. விதை செத்துடும்."

ஆலையே திரும்பிப் பார்த்தது.

"கண்மணி, என்னம்மா இது?" விஜேந்திரனின் முகம் வெளுத்திருந்தது.

கண்மணி மூட்டையின் மேல் மடிக்கணினியை வைத்துத் திறந்தாள். அவள் விரல்கள் ஓடுவதைக் குமுதினி பார்த்துக்கொண்டே நின்றாள். நாலு நிமிடம்கூட ஆகவில்லை. குமுதினிக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் பிடித்தது. அந்தப் பெண் நாலு நிமிடத்தில் பட்டியலுக்குப் போய்விட்டாள். விரல் நின்றது. தலை நிமிர்ந்தது. இரண்டு பேர் கண்ணும் சந்தித்தன.

"ஒரு அம்பு விட்டுப்போச்சு பாஸ்," என்றாள் கண்மணி. "நான் இன்னும் நல்லாப் பாத்திருக்கணும்."

தப்பைக்கூட இவளே எடுத்துக்கொள்கிறாளே! அதுவும் எவ்வளவு லாவகமாக! குமுதினிக்குப் பழைய எரிச்சல் மறுபடி பற்றியது.

அதற்குள் விஷயம் தவுக்கேக்கு எட்டிவிட்டது. அவர் வந்து குமுதினியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க இல்லேன்னா என் விதை போச்சு," என்றார். "இவ்ளோ நாள் இந்த அம்மாவ எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்த?"

"பாத்தீங்களா கா," என்றான் விஜேந்திரன், மூச்சு வாங்க. "அனுபவம்னா அனுபவந்தான். பழைய பெட்டியயே திருப்பி மாட்டுவோம், அரை நாள் போனாலும் பரவால்ல. கம்பைலரும் உங்ககிட்டயே இருக்கட்டும். நாந்தான் அவசரப்பட்டுட்டேன்."

ஒன்பது வருடம் காத்திருந்த சொற்கள். ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. கண்மணி தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து அவள் ஒன்று சொல்லியிருந்தால், 'அந்த வரி உங்களோடதுதானே' என்று ஒரே ஒரு சொல் வீசியிருந்தால், குமுதினி சண்டைக்கு நின்றிருப்பாள். அவள் சொல்லாததால்தான் நிற்க இடமில்லாமல் போயிற்று.

"வேணாம் தம்பி," என்றாள் குமுதினி. "பழைய பெட்டி வேணாம். ஒரு வரிதான் தப்பு. அந்த வரி நான் எழுதினது. இந்தப் பிள்ள எழுதினதுல ஒரு தப்பும் இல்ல."

"அக்கா—"

"இரு தம்பி. இன்னும் இருக்கு. அம்பு இல்லன்னு எனக்குச் செவ்வாக்கிழமையே தெரியும். தெரிஞ்சுதான் சரி போட்டேன்."

வேலம்மா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

கண்மணி மெதுவாக நிமிர்ந்தாள்.

"வரி எனக்குத் தெரியும் கா," என்றாள். "இப்பப் பாத்தேன். செவ்வாக்கிழம விஷயந்தான் தெரியாது."

குரல் உயரவில்லை. கண் மட்டும் சிவந்து வந்தது.

"நா வந்து கேட்டேன் உங்ககிட்ட. பக்கத்துல நின்னு கேட்டேன்."

"ஓம். கேட்டே."

"ஏன்?"

"நீ நல்லா எழுதியிருந்தே," என்றாள் குமுதினி. உண்மையில் அதுதான் பதில். "கம்பைலர் அவகிட்டயே இருக்கட்டும் தம்பி. நான் கையேடு எழுதறேன்."

வெளியே முதல் இடி இடித்தது. "பேச்ச அப்புறம் வச்சிக்குங்க," என்றாள் வேலம்மா. "ஈர நெல்லு வேர்க்குது உள்ள."

கண்மணி புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வரியை எடுத்தாள். கம்பைலரை ஓட்டினாள். புதுப் படம் வந்தது. பிறகு விஜேந்திரன் பக்கம் மடிக்கணினியைத் திருப்பினாள்.

"பாஸ், பாத்து சரி போடுங்க."

"நானா? எனக்கு இதுல என்னம்மா தெரியும்? சீனத்துல எழுதியிருந்தாக்கூடத் தவுக்கேகிட்டக் கேக்கலாம்."

யாரும் சிரிக்கவில்லை. கண்மணி மடிக்கணினியைக் குமுதினி பக்கம் தள்ளினாள்.

"நீங்கதான் பாக்கணும். வேற யாருக்கும் தெரியாது. ஆனா மனசுக்குள்ள படிக்காதீங்க. சத்தமாப் படிங்க. ஒவ்வொரு அம்பா. எங்கேர்ந்து கெளம்புது, எங்க போய்ச் சேருது, அங்க எந்த எண்ணக் கேக்கறாங்க, எல்லாம். பாஸும் கேக்கட்டும், தவுக்கேயும் கேக்கட்டும்."

"தவுக்கேக்குத் தமிழ் தெரியாது."

"மலாய்ல படிங்க."

குமுதினி மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். முதல் பெட்டியிலிருந்து இரண்டு அம்பு, ஒன்று இரண்டாவதற்கு, ஒன்று ஒன்பதாவதற்கு என்று மலாயில் படிக்க ஆரம்பித்தாள். மழை தகரக் கூரையில் இறங்கியது. அவள் குரலை உயர்த்தினாள். தவுக்கே கையைக் கட்டிக்கொண்டு கவனமாகக் கேட்டார். இருபத்து மூன்றாவது பெட்டி வந்தது. 'நிறுத்து'க்குள் போன அம்பு இப்போது வெளியே வந்து நாலாவது பெட்டிக்குத் திரும்பியது. நாற்பத்து மூன்று தன் இடத்தில் இருந்தது. காற்றாடி வேகம் ஆறாவது ரெஜிஸ்டருக்கு நகர்ந்திருந்தது. அதற்காக அந்தக் கம்பைலர் எதையும் வெளியே கொண்டுபோய் வைக்கவில்லை. இரண்டு எண்களை இடம் மாற்றி, ஒரு சின்ன இடுக்கை உண்டாக்கியிருந்தது. இன்னும் ஒன்பது வருடம் கொடுத்திருந்தாலும் குமுதினிக்கு அது தோன்றியிருக்காது.

அவள் விரல் அந்த இடத்தில் நின்றது.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"ஒண்ணுமில்ல," என்றாள் குமுதினி. "இந்த இடம் ரொம்ப நல்லா வந்திருக்கு."

கண்மணி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அடுத்தது," என்றாள்.